மயில்வாகனனார் கற்ற முறை

மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக் கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்பரப்பை எழுவான்கரை என வழங்குவர். வாவிக்கு அப்பால் வயல்களும் குளங்களுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையின் தென்பாலுள்ள ஊர்களிலிருந்து மட்டக்களப்பு நகருக்குத் தரைவழியே செல்வோர் களுவாஞ்சிக்குடியைக் கடந்தே செல்லல் வேண்டும். இன்று அவ்வூரில் பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயம் உளது. மேல்கரையிலிருந்து பாலங்கடந்து வரும் பிள்ளைகளும், கடற்கரைச் சிற்றூர்ப் பிள்ளைகளும் காலை வேளையில் அவ்வீதியை நிறைத்துச் செல்வதைக் காணலாம். அவர்களுட் பலருடைய கொப்பிகளின் முதற்பக்கத்தில் ஓர் இலக்கு எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது ஒரு தொழிலின் பெயராகவோ, பரீட்சையில் பெறவேண்டிய சித்தியாகவோ இருக்கும். ஆசிரியர் எழுதச் சொன்னார், பிள்ளை எழுதியது. எழுதிய பின் நாளை மாலை ஆறு மணிக்கு எந்த நூலை எடுப்பது என்று கேட்டால் விடை வராது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வெழுவான்கரையின் தெற்கே, காரைதீவில், மயில்வாகனன் என்றொரு சிறுவன் இருந்தான். பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் என உலகம் அறிந்தவர் அவரே. முத்தமிழ் முனிவர், யாழ்நூல் கண்டவர், துறவி, பேராசிரியர் எனப் பலவாறு அவரைப் போற்றுகிறோம். ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம்; சிலைக்கு மாலை சூட்டுகிறோம். ஆயின் அவரை ஒரு மாணாக்கராக நாம் நோக்குவது அரிது. ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்வில் ஏறக்குறைய முப்பதாண்டு வரை அவர் ஏதேனும் ஒரு பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டேயிருந்தார் என்பதும், அவற்றுட் பெரும்பாலானவற்றை ஆசிரியத் தொழில் செய்துகொண்டே எழுதினார் என்பதும் நம் பாடசாலைகளில் எடுத்துச் சொல்லப்படுவதில்லை. இக்கட்டுரை அந்த மாணாக்கரைப் பற்றியது.

1892ஆம் ஆண்டில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். காரைதீவு அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; 1961இல் அம்பாறை மாவட்டம் வகுக்கப்பட்ட பின்னரே அது பிரிந்து சென்றது. கண்ணகி அம்மன் கோயிலால் பெயர்பெற்ற ஊர். வைகாசி மாதச் சடங்கில் கண்ணகி வழக்குரையைப் பாடக் கேட்டு வளர்வது அப்பகுதிப் பிள்ளைகளுக்கு இயல்பு. சிலப்பதிகாரத்தை ஏட்டிலும் அச்சிலும் காணுமுன்னரே காதாற் கேட்கும் நாடு அது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று.

அவருக்கு முதலில் எழுத்தறிவித்தவர் ஊர் ஆசிரியரான குஞ்சித்தம்பி என்பார். தமிழோடு ஆங்கிலமும் அவரிடமே தொடக்கமாயிற்று. இளம் வயதிலேயே அவ்வாசிரியரைப் போற்றி மயில்வாகனன் ஒரு செய்யுள் இயற்றியதாக அறிகிறோம். பின்னர் கல்முனையில் மெதடிஸ்த மிஷனாரின் ஆங்கிலப் பாடசாலையில் பயின்றார். அதன்பின் மட்டக்களப்புக்கு, இன்று புனித மைக்கேல் கல்லூரி என வழங்கும் பாடசாலைக்குச் சென்றார். காரைதீவிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 45 கிலோமீற்றர். அந்நாளில் கல்லடியில் பாலமும் இல்லை. 1924இல்தான் அங்கு இரும்புப் பாலம் அமைந்தது. அதற்கு முன் வாவியைத் தோணியிற் கடந்தே நகரை அடைய வேண்டும். இன்றைய பிள்ளைக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். அன்றைய பிள்ளைக்கு வீட்டை விட்டுப் பிரிந்து வாழும் வாழ்வு.

மட்டக்களப்பில் அப்பாடசாலையை நடத்தியவர்கள் யேசு சபைத் துறவிகள். கணிதமும் விஞ்ஞானமும் அங்கு அக்கறையோடு கற்பிக்கப்பட்டன. மயில்வாகனன் அங்கிருந்து 1908இல், தமது பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினார். இப்பரீட்சை இலங்கையில் 1880 முதல் நடந்து வந்தது. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும். விடைத்தாள் கப்பலிலேயே திரும்பிச் செல்லும். கடலுக்கு அப்பால் எவரோ ஒருவர் திருத்துவார். மாணாக்கரின் குலமும் ஊரும் திருத்துவோர் அறியார். காரைதீவுச் சிறுவனுக்கும் கொழும்புச் சீமான் மகனுக்கும் ஒரே அளவுகோல். ஆங்கில ஆட்சி தன் அலுவலகங்களுக்கு எழுத்தர்களைத் தேடவே இத்தகைய பரீட்சைகளைப் பெரிதும் பயன்படுத்திற்று என்பது உண்மையே. ஆயினும் மட்டக்களப்பு போன்ற ஒதுங்கிய நாட்டின் பிள்ளைக்கு வேறு ஏணி அன்று இல்லை. ஏணி யார் செய்தது என்று ஆராய்ந்து நில்லாமல் ஏறியவர்களில் ஒருவர் மயில்வாகனனார்.

சீனியர் தேறியவருக்கு அக்காலத்தில் அரச அலுவலகங்களின் கதவு திறந்தே இருந்தது. அவர் ஆசிரியத் தொழிலைத் தேர்ந்தார். தாம் பயின்ற பாடசாலையிலும் கல்முனையிலும் சில காலம் கற்பித்தார். 1911இல் கொழும்பிலுள்ள ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஆசிரியராக மட்டக்களப்புக்கு மீண்டார். இருபது வயது இளைஞன், நிலையான உத்தியோகம், சொந்த நாட்டிலேயே வேலை. நம்மவருள் பெரும்பாலோர் இவ்விடத்தில் நூலை மூடிவைப்பர். மூடிவைப்பது குற்றமுமன்று. குடும்பம் என்னும் பாரம் எல்லார்க்கும் உண்டு. எனினும் மயில்வாகனனார் மூடிவைத்திலர் என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

கொழும்பிற் பயின்ற காலத்தில் மற்றொரு வேலையும் தொடங்கியிருந்தது. பகலில் ஆங்கில வழிப் பயிற்சி. ஓய்ந்த வேளையில் தமிழ். தென்கோவைக் கந்தையாபிள்ளை முதலிய தமிழறிஞர்களை அணுகிப் பழந்தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். தமிழறிவுக்கு அக்காலத்து அரச கல்வியில் ஊதியமும் இல்லை, உயர்வும் இல்லை. அதற்கு மதுரையில்தான் ஓர் ஏணி இருந்தது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகளாகப் பரீட்சைகளை வகுத்திருந்தது. ஒவ்வொரு படிக்கும் இன்ன இன்ன நூல்கள் என்று வரையறையும் இருந்தது. பழைய முறையில் ஆசிரியர் திண்ணையிற் பயின்றோர்க்கு இத்தகைய வரையறை இல்லை. எவ்வளவு கற்றோம், இன்னும் எவ்வளவு உளது என்பதைக் கணக்கிட அங்கு வழியில்லை. ஆசிரியர் தலையசைத்தால் தேறினோம். அசைக்காவிடின் மீண்டும் முதற்செய்யுள். மதுரைச் சங்கம் செய்த பெருந்தொண்டுகளில் ஒன்று, தமிழ்க் கல்விக்கும் ஒரு பாடத்திட்டமும் ஒரு தவணையும் உண்டு என நிறுவியது.

1915இல் மயில்வாகனனார் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கலாசாலையில் விஞ்ஞானம் பயிலச் சேர்ந்தார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே என்பர். இந்த ஓராண்டை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரு கையில் இரசாயனச் சோதனைக்குழாய், மறு கையில் உரையாசிரியர்களின் நூல். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுவன அல்ல என்றே அக்காலத்துப் பெரியோர் பலர் கருதியிருப்பர். விஞ்ஞானம் கற்பவன் தமிழைக் கைவிடுவதும், தமிழ் கற்பவன் கணக்கைக் கண்டு அஞ்சுவதும் இன்றுங்கூட நம் உயர்தர வகுப்புகளில் காணும் காட்சியே. அவரோ இரண்டையும் ஒரே ஆண்டில் முடித்தார்.

இது எங்ஙனம் இயன்றது? நினைவாற்றல் மிக்கவர், பிறவி மேதை என்று சொல்லி நழுவிவிடலாம். மேதைமை இருந்தது ஐயமன்று. ஆனால் அவர்தம் வாழ்க்கையை ஆண்டு வரிசையிற் பார்த்தால் வேறொன்றும் புலனாகிறது. அவர் எடுத்த ஒவ்வோர் இலக்கும், முன்னர் முடித்த இலக்கிலிருந்து ஒரு படி தூரத்திலேயே இருந்தது. சீனியர் தேறியவர் உடனே பட்டத்துக்குப் பாயவில்லை. ஆசிரியர் பயிற்சி, பின் சில ஆண்டு கற்பித்தல், பின் டிப்ளோமா, அதன் பின்னரே பட்டம். எட்டிய படியில் காலை ஊன்றி, அங்கு நின்று உழைத்துச் சம்பாதித்து, அடுத்த படிக்கு நூல்களைத் திரட்டினார். இலக்கு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தமையால், இன்று மாலை எந்நூலைத் திறப்பது என்ற மயக்கம் அவருக்கு நேர்ந்திருக்க இடமில்லை. பாடத்திட்டம் நூலைச் சொல்லிற்று. தவணை நாளைச் சொல்லிற்று. ஆசிரியர் ஐயத்தைத் தீர்த்தார். இம்மூன்றும் இல்லாத இலக்கை விருப்பம் என்று சொல்லலாமேயன்றி இலக்கு என்று சொல்ல இயலாது.

டிப்ளோமா பெற்றபின் தொழில்நுட்பக் கலாசாலையிலேயே இரசாயனப் பகுதியில் அவருக்குப் பணி கிடைத்தது. ஆயினும் 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராகச் சென்றார். அங்கிருந்துகொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்குப் படித்தார். இலங்கையில் அன்று பல்கலைக்கழகம் கிடையாது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியே 1921இல்தான் தோன்றியது. ஆனால் இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே, எந்நாட்டில் எவ்வாறு பயின்றவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என வாயிலைத் திறந்து வைத்திருந்தது. விரிவுரை இல்லை, விரிவுரையாளர் இல்லை. பாடத்திட்டம் மட்டும் தபாலில் வரும். பகலெல்லாம் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, இரவில் தமக்குத் தாமே ஆசிரியராய் அமர வேண்டும். இவ்வாறு தனித்துப் பயின்று தோற்றோர் தொகை தேறியோர் தொகையினும் பெரிது என்பதை அக்கால ஆசிரியர் உலகம் நன்கறியும். மயில்வாகனனார் தேறினார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தன் அதிபராக ஏற்றது. வயது இருபத்தெட்டு.

கற்பிப்பது அவருக்குக் கற்றலின் தடையாக இருக்கவில்லை என்பதையும் இவ்விடத்தே குறித்தல் வேண்டும். வகுப்பில் மாணாக்கருக்கு விளக்கிய பௌதிகமும் இரசாயனமும் இரவில் அவர் படித்த பாடத்தின் அடிப்படையே. தாம் நன்கு அறியாததைப் பிறர்க்கு விளக்க இயலாது. விளக்க முயலும்போதே தம் அறியாமை எங்குளது என்பது புலப்படும். இன்று பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தனியார் வகுப்புக்கு மேல் தனியார் வகுப்பாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டதை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு ஒரு நாழிகையும் வாய்ப்பதில்லை. களுவாஞ்சிக்குடியிலும் குருமண்வெளியிலும் மாலை வேளைகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கு ஊதியம் மிகுதி? சொல்லிக்கொடுப்பவருக்கே என்பது என் துணிபு.

இனி, அவர் வாழ்வில் எவரும் எதிர்பாராத திருப்பம். பட்டதாரி, கல்லூரி அதிபர், பண்டிதர் ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே கூடுவது அக்காலத்தில் அரிதினும் அரிது. மேலும் ஒரு படி ஏறினால் கல்விப் பகுதியின் உயர் பதவிகள். 1922இல் அவர் அதிபர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயரோடு பிரமசாரியாய் இருந்து, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். மடத்தின் தமிழ் இதழான இராமகிருஷ்ண விஜயத்தையும், ஆங்கில இதழான வேதாந்த கேசரியையும் நடத்தும் பொறுப்பை ஏற்றார்.

பரீட்சைகளையெல்லாம் எதற்காக எழுதினார் என்ற வினா இங்கே எழும். பதவிக்காகவே எனில் துறந்திருக்க மாட்டார். வீண் எனக் கருதினார் எனில், துறந்தபின் அக்கல்வியை மறந்திருப்பார், அதுவும் நிகழவில்லை. அவர் பதவியைத்தான் விட்டார், கற்றதை விடவில்லை. கைக்கருவியைச் செய்து முடித்தவன் அதைக்கொண்டு தன் வேலையைத் தொடங்குவதுபோல, முப்பது வயது வரை திரட்டிய கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ் ஆகிய அனைத்தையும் அதன் பின்னரே முழுதும் பயன்படுத்தினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் 1924இல் ஆற்றிய சொற்பொழிவு, 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாயிற்று. சேக்ஸ்பியர் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ்க் கூத்து மரபையும் ஒருங்கு வைத்து ஆராயும் நூல் அது. பண்டித பரீட்சை மட்டும் தேறியவர் அதனை எழுதியிருக்க முடியாது. ஆங்கிலம் மட்டும் கற்றவரும் எழுதியிருக்க முடியாது.

1925இல் இலங்கை மீண்டபின், தாம் ஏறிய ஏணியைப் பிறர்க்கு அமைப்பதே அவருடைய பெரும்பணி ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் 1921இல் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் தொடக்க முயற்சிகளிலும் அவருக்குப் பங்கிருந்தது. மதுரையைப் போலவே படிப்படியாய்ப் பரீட்சை நடத்திப் பண்டிதர்களை உருவாக்கியது அச்சங்கம். கடல்கடந்து மதுரைக்கு எழுத வேண்டிய இடர் அதன்பின் ஈழத்து மாணாக்கர்க்கு இல்லாமற் போயிற்று. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை மேற்பார்வை செய்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பையும் சில காலம் ஏற்றார். 1929இல் மட்டக்களப்பு, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். தமக்குத் துறவளித்த குருவின் பெயரை அதற்கு இட்டார். அயலிலேயே மாணவர் இல்லமும் அமைந்தது.

மாணவர் இல்லம் என்பதை எளிதாகக் கடந்துவிடலாகாது. தென்பாலுள்ள ஊர்ப் பிள்ளைக்கும் படுவான்கரைப் பிள்ளைக்கும் மேற்கல்விக்குத் தடையாயிருந்தது அறிவின்மையன்று, தூரமும் வறுமையுமே. அவரே அத்தூரத்தைக் கடந்து வந்தவர். ஒரு பிள்ளைக்கு உறைவிடமும் உணவும் விளக்கும் படிக்கும் நேரமும் கிடைத்தபின்தான் இலக்கு என்ற பேச்சு பொருள்பெறும். வயலில் காவலிருக்கும் பிள்ளையிடம், தோணி வலிக்கும் பிள்ளையிடம், நீ உயர்ந்த இலக்கு வைத்துக்கொள் என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. அவர் அவ்வாறு சொல்லி நில்லாது படுக்கப் பாயும் படிக்க மேசையும் தேடிக்கொடுத்தார். பாடசாலைகளின் பரீட்சைப் பெறுபேறுகளை ஆராயும் கூட்டங்கள் இன்று எங்கும் நடைபெறுகின்றன. பிள்ளைக்கு வீட்டில் அமர்ந்து படிக்க ஓர் இடம் உண்டா என்ற கேள்வி அக்கூட்டங்களில் எத்தனை முறை கேட்கப்படுகிறது என்பதை ஆசிரியப் பெருமக்களே சிந்திப்பாராக.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இரண்டாண்டுக்கு மேல் அங்குப் பணியாற்றினார். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் வேண்டும் என்ற முயற்சி அது. கொழும்பில் சோதனைக்குழாயோடு நின்ற பழைய மாணாக்கருக்கு அப்பணி எவ்வளவு பொருந்துவது! தமிழ் வழியே விஞ்ஞானம் கற்கும் இன்றைய மாணாக்கர் தம் பாடநூலைப் புரட்டும்போது, அத்தகைய முன்னோடி முயற்சிகளின் பயனையே நுகர்கின்றனர்.

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, தாம் எண்ணியதை எண்ணிய நாளில் முடித்தவர் என்று அவரைக் கருதிவிடல் கூடாது. அவருடைய வாழ்வின் மிகப் பெரிய இலக்கு அவ்வாறு முடியவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் சொல்லப்படும் யாழ் எத்தகையது, அதன் நரம்புகள் எவ்வாறு இசைகூட்டப்பட்டன, பண்டைப் பண்கள் எவை என்பதைத் தெளிய வேண்டும் என்ற ஆராய்ச்சி அவரைப் பற்றிக்கொண்டது. வைகாசிச் சடங்கில் கேட்ட கண்ணகி கதை இவ்வாறு அவரைத் திரும்ப அழைத்ததென்றே எனக்குத் தோன்றுகிறது. இவ்வாராய்ச்சிக்குப் பாடத்திட்டம் எவரும் வகுக்கவில்லை. தவணை இல்லை. திருத்தி மதிப்பெண் இட ஒருவரும் இல்லை. யாழே வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன; பார்த்துச் சொல்வோரும் இலர், வாசித்துக் காட்டுவோரும் இலர். பழைய உரையில் பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனப் பெயர்கள் இருந்தன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்புகளின் பெயர்களும் இருந்தன. அவற்றின் பொருள் மட்டும் மறைந்து கிடந்தது.

அவர் கணிதத்தைக் கருவியாக எடுத்தார். நரம்பின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள விகிதம் பௌதிகம் அறிந்தவர்க்குப் புதிதன்று. குரலும் இளியும் இரண்டுக்கு மூன்று என்னும் விகிதத்தில் இயைவன என்பது போன்ற அடிப்படையிலிருந்து, ஒவ்வொரு நரம்பின் அளவையும் பெருக்கியும் வகுத்தும் கண்டார். ஒரு பாலை மற்றொன்றாகத் திரியும் முறையைக் கணக்கிட்டார். தேவாரப் பண்களோடு ஒப்பிட்டார். இலண்டன் பட்டத்துக்குக் கற்ற கணிதமும் மதுரைப் பரீட்சைக்குக் கற்ற உரைநூலும் இந்த ஒரு நூலில்தான் முழுமையாக ஒன்று சேர்ந்தன. இருபத்து நான்காம் வயதில் இரு வேறு பரீட்சைகளாக எழுதியவை, ஐம்பது வயதுக்குமேல் ஒரே நூலாயின.

ஆனால் காலம் கடந்துகொண்டே போயிற்று. ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் இவ்வாராய்ச்சி நீண்டது. இடையில் பாடசாலைகள், சொற்பொழிவுகள், மொழிபெயர்ப்புகள். 1939 முதல் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பு. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. உடல்நலமும் தளர்ந்தது, நோய் அடிக்கடி வருத்திற்று. தவணை குறித்த ஒவ்வொரு பரீட்சையையும் தவறாது முடித்த ஒருவர், தவணை இல்லாத இவ்வேலையில் இத்தனை ஆண்டு தவித்தது கருதத்தக்கது. வந்த பணிகளில் சிலவற்றை அவர் மறுத்திருக்கலாம் என்று எண்ணுவோர் உளர். யானும் அவருள் ஒருவன். மறுத்திருந்தால் யாழ்நூல் சில ஆண்டு முன்னரே வெளிவந்திருக்கும்; அதன் தொடர்ச்சியாக வேறு நூல்களும் வந்திருக்கலாம். எனினும் துறவிக்குத் தன் இலக்கு மட்டுமே இலக்கன்று. சபை இட்ட பணியும் ஏழைப் பிள்ளையின் பாடசாலையும் அவருக்கு ஆராய்ச்சியினும் சிறியன அல்ல. இரண்டுக்கும் இடையே அவர் பட்ட இழுபறியை நாம் மறைத்துவிட்டால், அவரைச் சிலையாக்கிவிட்டோம் என்றே பொருள்.

பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களைக் கொண்ட யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவில் 1947 ஜூன் 5, 6ஆம் நாட்களில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. நூலிற் கண்ட அளவுகளின்படி யாழ்கள் செய்யப்பட்டு அவையிற் காட்டப்பட்டன, இசைக்கப்பட்டன. உடல்நலம் குன்றியிருந்த ஆசிரியர், நூற்றாண்டுகளாக மறைந்திருந்த நரம்பின் ஓசையைத் தம் காதாற் கேட்டார்.

அதன்பின் அவர் வாழ்ந்தது ஆறு வாரமே. 1947 ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் அவர் உயிர் நீத்தது. பூதவுடலை மட்டக்களப்புக்குக் கொணர்ந்தனர். சிறுவனாக அவர் தோணியிற் கடந்த வாவியை இப்போது பாலம் கடந்தது. அதன் மறுகரையில், கல்லடி உப்போடையில், தாம் தொடங்கிய வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பாடசாலைப் பிள்ளைகள் நாள்தோறும் அச்சமாதியைக் கடந்தே வகுப்புக்குச் செல்கின்றனர்.